அத்தியாயம் 7: ஊமையான ஆம்ப்ளிஃபையரைப் பேச வைப்பது

ஆடி மாதம் பிறந்துவிட்டால் திருத்தணியில் பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பரணிலிருந்து இறங்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் வீட்டில் பாட்டு இல்லாமல் இருக்காது. பத்து மாதம் தூசியில் கிடந்த பெட்டியைத் துடைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போடுவார்கள். சில பெட்டிகள் பாடும். சில 'உர்ர்' என்று உறுமும். சில 'பட்' என்ற ஒரு சத்தத்தோடு அடங்கிவிடும்.

அடங்கிப்போன பெட்டியை வீட்டிலேயே எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்த அத்தியாயம். நம் பக்கத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கடையில் அசெம்பிள் செய்த பெட்டி: ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பவர் சப்ளை, இரண்டு சேனல் போர்டு, பாஸ்–ட்ரெபிள் போர்டு. கம்பெனிப் பெட்டியானாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருகிய பாகத்தைக் கழற்றிப் புதியதைப் போடுவது பாதி வேலை. அது ஏன் கருகியது என்று கண்டுபிடிப்பது மீதி பாதி. நான் தொழில் பழகிய காலத்தில், ஷார்ட் ஆன இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றிவிட்டு நேராகக் கரண்ட்டில் செருகினேன். ஒரே நொடிதான், புதியவையும் போயின. அவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் ஏற்கெனவே ஷார்ட் ஆகியிருந்தது. அதை நான் அளந்து பார்க்கவே இல்லை. அன்றைய கூலி அந்த டிரான்சிஸ்டர்களோடு போயிற்று. கீழே வரும் வழிமுறை எல்லாம் அந்த 'பட்' உங்களுக்குக் கேட்காமல் இருப்பதற்காக.

உயிருக்கு முதல் இடம்

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் கரண்ட் இருக்கும். கடைக்காரர்கள் கண்டென்சர் என்று சொல்லும் பெரிய உருளைகள் அதைப் பிடித்துவைத்திருக்கும். எனவே:

1. மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

2. 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள ஒயரைச் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒவ்வொரு பெரிய கண்டென்சரின் இரு கால்களுக்கும் குறுக்கே பத்து நொடி பிடியுங்கள். பிறகு மீட்டரை வைத்து ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். திருப்புளியால் குறுக்கே தொட்டு நெருப்புப் பொறி பறக்கவிடும் பழக்கம் வேண்டாம். திருப்புளியும் கெடும், கண்டென்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

3. கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டிவந்தால் காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். கையில் மோதிரம், வளையல், கடிகாரம் வேண்டாம். ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மீட்டரின் கறுப்பு முனையை முதலை வாய் கிளிப்பால் கிரவுண்டில் மாட்டிவிட்டால் இது எளிது.

4. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உறுமல் சத்தத்துக்குப் பயந்து வெட்டாதீர்கள். இரும்புப் பெட்டியில் கரண்ட் கசிந்தால் வீட்டாரைக் காப்பாற்றுவது அந்த முள்தான்.

5. வீட்டில் யாருமில்லாத நேரத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வேண்டிய சாமான்கள்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், ஃபிளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்ப், திருப்புளிகள், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, ஹீட்சிங்க் பேஸ்ட், மைக்கா தகடுகள், பழைய பல்துலக்கும் பிரஷ். மீட்டரில் மில்லிவோல்ட் அளக்கும் வசதியும் டையோடு சோதனையும் இருக்க வேண்டும்.

இவற்றோடு நீங்களே செய்துகொள்ள வேண்டிய ஒரு கருவி உண்டு. அதுதான் சீரிஸ் பல்பு.

ஒரு மரப்பலகையில் ஒரு பல்பு ஹோல்டரையும் ஒரு சாக்கெட்டையும் பொருத்துங்கள். ஃபேஸ் ஒயர் பல்பு வழியாகப் போய்ச் சாக்கெட்டை அடையட்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போகட்டும். பல்பு பழைய இழை பல்பாக, 60 அல்லது 100 வாட்டாக இருக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பழுது பார்க்கும் பெட்டியை எப்போதும் முதலில் இந்தச் சாக்கெட்டில்தான் செருக வேண்டும்.

பல்பு பளிச்சென்று ஒரு கணம் எரிந்து மங்கினால் கண்டென்சர்கள் நிரம்புகின்றன, உள்ளே ஷார்ட் இல்லை என்று பொருள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அந்த நிலையில் கரண்டைப் பல்பு வாங்கிக்கொள்வதால் உங்கள் புது டிரான்சிஸ்டர்கள் பிழைக்கும். பல்பு எரியவே இல்லையென்றால் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கே போகவில்லை: ஃபியூஸ், சுவிட்ச், பவர் கார்டு, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சுற்று ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள். இந்தப் பல்பு பாகங்களைத்தான் காக்கும். உங்களுக்கு ஷாக் அடிப்பதை அது தடுக்காது.

திறப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

பெட்டியைக் கொண்டுவருபவர், "நல்லாத்தான் பாடிட்டிருந்துச்சு தம்பி, திடீர்னு நின்னுபோச்சு" என்பார். அதோடு விடாதீர்கள். "நிக்கிறதுக்கு முன்னாடி சத்தம் உடைஞ்சுதா அக்கா? புதுசா ஸ்பீக்கர் எதுவும் சேர்த்தீங்களா? பெட்டி மேல துணி போட்டு மூடி வெச்சிருந்தீங்களா? ஏதாவது கருகின வாசனை வந்துச்சா?" என்று கேளுங்கள். புதிதாக இரண்டு ஸ்பீக்கர் சேர்த்த கதை வெளியே வந்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது.

பிறகு பெட்டியைத் தொடாமலேயே சில பழுதுகளைக் கழித்துவிடலாம். ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கலாம். சிவப்பு–வெள்ளை ஆர்சிஏ ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். செலக்டர் சுவிட்ச் புளூடூத்தில் நிற்க, பாட்டு ஆக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு சேனல் மட்டும் பேசவில்லை என்றால் இடது–வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். மௌனம் அதே ஸ்பீக்கரோடு போனால் பழுது ஸ்பீக்கரில். இல்லையென்றால் இன்புட் ஒயர்களை மாற்றிப் பாருங்கள். மௌனம் அப்போதும் இடம் மாறவில்லை என்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஸ்பீக்கரை அளப்பதும் எளிது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது.

கண்ணும் மூக்கும்

திறந்தவுடன் மீட்டரை எடுக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் பாருங்கள். தலை உப்பிய கண்டென்சர், கருகிய ரெசிஸ்டர், நிறம் மாறிய போர்டு, டிரான்ஸ்ஃபார்மரில் வார்னிஷ் கருகிய வாசனை, கழன்ற ஒயர், ஸ்குரூ தளர்ந்த டிரான்சிஸ்டர் எல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

போர்டைத் திருப்பி, கனமான பாகங்களின் கால்களைப் பாருங்கள். காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வட்டக் கோடு தெரிந்தால் அது டிரை சால்டர். தட்டினால் பாடும், விட்டால் நிற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் குற்றவாளி. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழைய ஈயத்தின் மேலேயே அயர்னை வைத்து உருக்கிவிட்டால் சில வாரத்தில் திரும்பி வந்து நிற்கும்.

அறிகுறியும் காரணமும்

உயிரே இல்லை. ஃபியூஸைப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால் வயதாலோ சிறு மிகைச் சுமையாலோ போயிருக்கலாம். கண்ணாடி முழுவதும் கறுத்திருந்தால் உள்ளே ஷார்ட் நிச்சயம். ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றாதீர்கள். ஃபியூஸ் செய்திருக்க வேண்டிய வேலையை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து செய்துகாட்டும்.

ஃபியூஸ் போட்டவுடன் போகிறது. பிரிட்ஜ் டையோடு, பெரிய கண்டென்சர், அவுட்புட் டிரான்சிஸ்டர் அல்லது ஐசி ஆகியவற்றில் ஒன்று ஷார்ட். சப்ளை ஒயரைச் சேனல் போர்டுகளிலிருந்து பிரித்துவிட்டுச் சீரிஸ் பல்பில் போடுங்கள். பல்பு மங்கினால் சப்ளை நல்லது, பழுது போர்டில். பளிச்சென்றே எரிந்தால் பழுது சப்ளையில்.

உறுமல். வால்யூமை முழுவதும் குறையுங்கள். உறுமலும் குறைந்தால் அது வால்யூமுக்கு முன்னால் நுழைகிறது: ஷீல்டு ஒயரின் வலை அறுந்திருக்கும், அல்லது கிரவுண்டை இரண்டு மூன்று இடத்தில் பெட்டியோடு இணைத்திருப்பார்கள். ஒரே இடத்தில் இணையுங்கள். வால்யூமைக் குறைத்தும் குறையாத உறுமல் சப்ளையிலிருந்து வருகிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்டைப் பிரிட்ஜ் டையோடு 100 ஹெர்ட்ஸ் அலையாக மாற்றுகிறது. அதைச் சமப்படுத்த வேண்டிய கண்டென்சர் வற்றிவிட்டால் அந்த அலை ஸ்பீக்கருக்கே வந்துவிடும். கண்டென்சரை மாற்றினால் தீரும்.

வால்யூம் திருகும்போது கரகரப்பு. பூஜை அலமாரியில் இருக்கும் பெட்டிகளில் இது அதிகம். விபூதித் தூளும் கற்பூரப் புகையும் சேர்ந்த தூசு கண்ட்ரோலுக்குள் போய்க் கார்பன் தடத்தில் படிகிறது. கரண்டை நிறுத்தி, கண்ட்ரோலின் இடுக்கில் காண்டாக்ட் கிளீனரை இரண்டு சொட்டு அடித்து, இருபது முறை முழுவதும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் இரண்டு நாள் நல்ல பெயர் வாங்கும். மூன்றாம் நாள் தூசியைக் கூழாக்கிவிடும். சுத்தம் செய்தும் போகாவிட்டால் தடம் தேய்ந்திருக்கிறது, கண்ட்ரோலை மாற்றுங்கள்.

பல்பு, சப்ளை எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை. கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டு, அதன் ஹெட்போன் ஒயரில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை வரிசையாக வைத்து, சேனல் போர்டின் இன்புட்டில் நேராகக் கொடுங்கள். கைப்பேசி சார்ஜரில் இருக்கக் கூடாது. பாட்டு வந்தால் சேனல் போர்டு நல்லது, பழுது பாஸ்–ட்ரெபிள் போர்டில். அங்கே பெரும்பாலும் 4558 என்ற எட்டுக் கால் ஐசி இருக்கும். எட்டாவது காலில் பிளஸ், நான்காவது காலில் மைனஸ் சப்ளை வர வேண்டும். வரவில்லை என்றால் அதற்கு முன்னால் உள்ள ஜீனர் டையோடும் ரெசிஸ்டரும் போயிருக்கும். சில ரூபாய் வேலைதான். இதைப் பாராமல் பவர் டிரான்சிஸ்டர்களைக் கழற்றினால் நேரமும் போகும், நல்ல போர்டும் கெடும்.

சுவிட்ச் போட்டதும் வர வேண்டிய 'டிக்' வரவில்லை. ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு உள்ள பெட்டிகளில் சில நொடி கழித்து ரிலே ஒட்டும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அவுட்புட்டில் டிசி வருகிறது என்று அந்தப் போர்டு எச்சரிக்கிறது. ரிலேயைத் தாண்டி ஒயர் போட்டு ஏமாற்றாதீர்கள். ஸ்பீக்கர் காயில் எரிந்துவிடும்.

ஒரு பெட்டி, ஒரு சோதனை

நம் ஊர்ப் பெட்டிகளில் பரவலாக இருக்கும் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அவுட்புட்டில் 5200, 1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடி. ஒரு சேனல் ஊமை, அதன் ஃபியூஸ் கறுத்திருக்கிறது.

முதலில் சப்ளையை மட்டும் தனியாக அளப்போம். 24 வோல்ட் ஏசியின் உச்சம், 1.414 ஆல் பெருக்கினால், கிட்டத்தட்ட 34 வோல்ட். டையோடில் ஒரு வோல்ட் அளவுக்குப் போகும். ஆக ஒரு பக்கம் பிளஸ் 33, மறு பக்கம் மைனஸ் 33 வர வேண்டும். சுமை இல்லாதபோது 36 வரையும் காட்டலாம். இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருப்பதுதான் முக்கியம். இரவில் லைன் வோல்டேஜ் 250-க்கு ஏறினால் இந்த 33, 36 ஆகிவிடும். எனவே 35 வோல்ட் என்று அச்சிட்ட கண்டென்சர் இங்கே ஆகாது. குறைந்தது 50 வோல்ட், கிடைத்தால் 63 வோல்ட் போடுங்கள்.

இனி டிரான்சிஸ்டர்கள். அச்சு எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் 5200-இன் கால்கள் இடமிருந்து வலமாக பேஸ், கலெக்டர், எமிட்டர். மீட்டரை டையோடு சோதனையில் வைத்து, சிவப்பை பேஸிலும் கறுப்பை மற்ற இரண்டிலும் தொட்டால் 0.45 முதல் 0.65 வரை காட்ட வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எப்படி வைத்தாலும் எண் வரக் கூடாது. பீப் அடித்தால் ஷார்ட். 1943-க்கு நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள், பேஸில் கறுப்பு. போர்டில் இருக்கும்போது அளந்தால் சுற்றியுள்ள பாகங்கள் மீட்டரை ஏமாற்றலாம். சந்தேகம் வந்தால் கழற்றி அளந்துவிடுங்கள்.

ஷார்ட் என்று தெரிந்ததும் கடைக்கு ஓடாதீர்கள். அதே சேனலில் இவற்றையும் அளந்து பட்டியல் எழுதுங்கள்: இரண்டு டிரைவர் டிரான்சிஸ்டர்கள், எமிட்டரில் உள்ள வெள்ளை நிறக் குறை ஓம் ரெசிஸ்டர்கள், பேஸுக்கு வரும் சிறு ரெசிஸ்டர்கள், பயாஸ் டையோடுகள் அல்லது பயாஸ் டிரான்சிஸ்டர், பயாஸைத் திருகிச் சரிசெய்யும் ப்ரீசெட். நல்ல சேனல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறதல்லவா? அதே இடத்தில் அங்கே என்ன எண் வருகிறது என்று ஒப்பிடுங்கள். சர்க்யூட் படம் இல்லாதவருக்கு நல்ல சேனல்தான் படம்.

ஐசி போர்டு என்றால் வேலை இன்னும் சுருக்கம். 2030 ஐசிக்கு ஐந்து கால்: மூன்றாவதில் மைனஸ், ஐந்தாவதில் பிளஸ், நான்காவது அவுட்புட். பிளஸ்–மைனஸ் இரட்டைச் சப்ளையில் அவுட்புட் கால் சுழியத்தில் நிற்க வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் 4440 போன்ற ஒற்றைச் சப்ளை ஐசிகளில் அவுட்புட் கால்கள் சப்ளையில் பாதி, அதாவது 6 வோல்ட் அளவில் நிற்கும். அவுட்புட் கால் வோல்ட்டும் சப்ளையும் சரியாக இருந்து இன்புட்டில் பாட்டு கொடுத்தும் பேசவில்லை என்றால் ஐசியை மாற்றலாம்.

வாங்குவதும் பொருத்துவதும்

திருத்தணியிலோ அரக்கோணத்திலோ கிடைக்காத பாகத்துக்கு மின்சார ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தேடலாம். 5200–1943 ஜோடியில் போலிகள் நிறைய உலவுகின்றன. நம்ப முடியாத விலைக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். இரண்டு சேனலுக்கும் ஒரே கடையில் ஒரே தொகுப்பிலிருந்து வாங்குங்கள்.

டிரான்சிஸ்டரின் உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்தது. 2030-இன் முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. எனவே ஹீட்சிங்க்குக்கும் அதற்கும் நடுவே மைக்கா கட்டாயம். மைக்காவின் இரு பக்கமும் பேஸ்டை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அப்பி வைத்தால் சூடு கடத்துவதற்குப் பதில் தடுக்கும். டிஐபி வகை சிறு டிரான்சிஸ்டர்களின் ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வேண்டும். ஸ்குரூ முடுக்கியபின் கலெக்டருக்கும் ஹீட்சிங்க்குக்கும் மீட்டரை வையுங்கள். பீப் வந்தால் கழற்றி மறுபடி பொருத்துங்கள். இந்த ஒரு சோதனையைத் தவறவிட்டுப் போன டிரான்சிஸ்டர்கள் ஏராளம்.

சரிசெய்தல்: இரண்டு அளவுகள்

பாகம் மாற்றியபின் ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமைச் சுழியத்தில் வைத்து, சீரிஸ் பல்பில் போடுங்கள். பல்பு மங்கிய பிறகு இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும்.

முதல் அளவு, அவுட்புட் டிசி. ஸ்பீக்கர் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் இன்புட்டில் உள்ள இரட்டை டிரான்சிஸ்டர்களையும் அங்குள்ள சிறு கண்டென்சர்களையும் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது.

இரண்டாவது அளவு, பயாஸ். பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் வழியே கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது குறைந்தால் மெதுவான சத்தத்தில் குரல் கிழியும். சூலமங்கலம் சகோதரிகளின் கவசத்தைச் சின்ன வால்யூமில் போட்டால் உடனே தெரிந்துவிடும். அது கூடினால் பாட்டே இல்லாமல் ஹீட்சிங்க் கொதிக்கும். ப்ரீசெட் இருக்கும் போர்டுகளில் இதைச் சரிசெய்யும் வழி:

1. ப்ரீசெட்டைக் குறைந்த கரண்ட் வரும் பக்கத்துக்குத் திருப்புங்கள். எது குறைந்த பக்கம் என்று தெரியாவிட்டால், சீரிஸ் பல்பில் இருக்கும்போது இம்மி இம்மியாகத் திருப்பி, அளவு எந்தப் பக்கம் குறைகிறது என்று பாருங்கள்.

2. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் கிளிப்பை மாட்டுங்கள். கையால் பிடித்தால் வழுக்கி ஷார்ட் ஆகும்.

3. எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம் என்றால் 5.5 மில்லிவோல்ட், 25 மில்லி ஆம்பியரைக் குறிக்கும். 0.47 ஓம் என்றால் அதே கரண்டுக்கு ஏறக்குறைய 12 மில்லிவோல்ட். வீட்டுப் பெட்டிக்கு 25 முதல் 40 மில்லி ஆம்பியர் போதும். போர்டு செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

4. சீரிஸ் பல்பில் எல்லாம் அமைதியாக இருந்தால் பல்பை நீக்கி, நேர்க் கரண்ட்டில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பல்பில் இருக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் குறைவாக இருப்பதால் கடைசி அளவை அங்கே எடுக்கக் கூடாது.

5. கால் மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு மீண்டும் சரிசெய்யுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்சிங்க்கின் சூட்டை உணர்ந்து கரண்டைக் குறைப்பது அதன் வேலை. காற்றில் தொங்கினால் அதற்குச் சூடு தெரியாது.

ப்ரீசெட் இல்லாமல் டையோடுகளால் பயாஸ் வைத்த மலிவு போர்டுகளில் திருப்ப எதுவும் இல்லை. அளந்து, சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

தணிகையின் வெயில்

முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் திருத்தணி மலைக்குத் தணிகை என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். ஊர் வெயில் மட்டும் தணிவதில்லை. கோடையில் தமிழகத்தின் அதிகபட்ச வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. ஆம்ப்ளிஃபையருக்கு இது வெறும் செய்தி அல்ல.

5200 டிரான்சிஸ்டரின் மேல் எழுதியிருக்கும் 150 வாட், அதன் முதுகு 25 டிகிரியில் இருக்கும்போது மட்டும். முதுகு 75 டிகிரிக்குப் போனால் அது தாங்குவது 90 வாட். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி. எனவே நம் ஊரில் பழுது பார்ப்பவர், பாகத்தை மாற்றும்போதே வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும்:

கண்டென்சர் வாங்கும்போது 85 டிகிரி அல்ல, 105 டிகிரி என்று அச்சிட்டதைக் கேளுங்கள். பவர் ரெசிஸ்டரைக் கண்டென்சரோடு ஒட்டிவைக்காதீர்கள். ஹீட்சிங்க்கின் துடுப்புகள் மேலும் கீழுமாக நிற்கட்டும், சூடான காற்று ஏறிப் போக வழி கிடைக்கும். பெட்டிக்கு மேல் ஒரு சாண் இடம் விடுங்கள். ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டிலும் பரண் உயரத்தில் வைக்காதீர்கள். சூடு அங்கேதான் தேங்கும். பூ வேலை செய்த துணியால் மூடுவதானால் பாட்டு நின்று பெட்டி ஆறிய பிறகு மூடுங்கள். 12 வோல்ட் ஃபேன் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. அதற்கு 7812 ரெகுலேட்டர் வழியாகத் தனிச் சப்ளை கொடுங்கள், ஃபேனின் இரைச்சல் பாட்டில் கலக்காது.

ஸ்பீக்கர் கணக்கு

பெட்டி போனதற்குக் காரணம் வெயில் இல்லையென்றால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது ஸ்பீக்கர். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக மாட்டினால் 4 ஓம். நான்கு மாட்டினால் 2 ஓம். ஓம் பாதியானால் டிரான்சிஸ்டர் கொடுக்க வேண்டிய கரண்ட் இரண்டு மடங்கு. 4 ஓமுக்குச் செய்த பெட்டியில் 2 ஓம் மாட்டுவது, இரண்டு பேர் போகிற வண்டியில் நான்கு பேர் ஏறி மலை ஏறுவது போலத்தான். நான்கு ஸ்பீக்கர் வேண்டுமென்றால் இரண்டிரண்டாகச் சீரிஸில் இணைத்து, அந்த இரு ஜோடிகளையும் பேரலலாக மாட்டுங்கள். மறுபடி 8 ஓம் வரும்.

தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள் வேறு வகை. அவற்றில் பல 100 வோல்ட் லைனில் ஓடும். அங்கே ஓமைக் கூட்டாதீர்கள், ஒவ்வொரு ஸ்பீக்கரின் லைன் டிரான்ஸ்ஃபார்மரில் எழுதிய வாட்டைக் கூட்டுங்கள். மொத்தம் ஆம்ப்ளிஃபையரின் வாட்டைத் தாண்டக் கூடாது. வீட்டு 8 ஓம் ஸ்பீக்கரை 100 வோல்ட் முனையில் மாட்டினால் ஏதாவது ஒன்று எரியும். எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் சத்தத்துக்கும் சட்டம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு வரம்பு 45.

எங்கே நிறுத்த வேண்டும்

டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி சுற்று அறுந்திருந்தால், போர்டின் செம்புத் தடங்கள் கருகி உரிந்திருந்தால், இரண்டு முறை பாகம் மாற்றியும் மூன்றாம் முறை ஷார்ட் ஆனால், நிறுத்துங்கள். புதுப் போர்டின் விலையைக் கேளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும் பெட்டியும் ஹீட்சிங்க்கும் நன்றாக இருந்தால் போர்டை மட்டும் மாற்றுவது தோல்வி அல்ல. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக 230 வோல்ட்டை எடுக்கும் எஸ்எம்பிஎஸ் சப்ளை உள்ள பெட்டியைப் பழகியவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள். அதன் ஒரு பக்கக் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

சரி, பெட்டி பாடிவிட்டது. மூடியை முடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு சின்னத் தாளில் தேதி, மாற்றிய பாகங்கள், பிளஸ்–மைனஸ் வோல்ட், இரு சேனலின் அவுட்புட் டிசி, பயாஸ் மில்லிவோல்ட், மாட்டியிருக்கும் ஸ்பீக்கரின் ஓம், இவற்றை எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த ஆடிக்கு இதே பெட்டியை நீங்களோ வேறொருவரோ திறக்கும்போது, எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லும்.